வாசலில் நாலு ஜோடி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இன்ஸ்பெக்டர் தங்கரத்தினம் முதலில் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுவார். மலேசியாவில் மலாய்க்காரன், சீனன், தமிழன் எவனாக இருந்தாலும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பான். கொலைகாரனும் அப்படித்தான். வாசலில் மூன்று ஜோடி கிடந்தால் உள்ளே மூன்று பேர், ஐந்து ஜோடி கிடந்தால் ஐந்து பேர். "சிலோன்காரருக்குச் செருப்பு ஜோசியம்" என்று ஸ்டேஷனில் பாதிப் பேர் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் அந்த எண்ணிக்கை அவரை ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை.

1981, ஆகஸ்டு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணிக்குக் கிள்ளானில், ரயில் பாதைக்குப் பின்னால், மலாய்க்காரர்கள் கம்பம் என்று சொல்லும் கிராமத்தில் ஒரு பலகை வீட்டின் வேலியோரம் குந்தி உட்கார்ந்து எண்ணினார். ஜப்பான் சிலிப்பர் இரண்டு ஜோடி, தோல் செருப்பு ஒன்று, சேறு அப்பிய பூட்ஸ் ஒன்று. நாலு.

"நாலு பேரு," என்றார் பக்கத்திலிருந்த சார்ஜன் அய்யாவுவிடம்.

"அப்ப வேலாயுதமும் மூணு எடுபிடியும். கணக்கு சரியா இருக்கு சார்," என்றான் அய்யாவு.

வேலாயுதம் ஆறு மாதத்தில் மூன்று நகைக்கடையைக் கொள்ளையடித்தவன். ஒரு காவல்காரனையும் ஒரு நகைக்கடை முதலாளியின் மனைவியையும் சுட்டுக் கொன்றவன். அவன் ஆட்கள் கையில் இருந்த ரிவால்வர்களில் பதிவு எண்களை அரம் போட்டுத் தேய்த்து அழித்திருந்தார்கள். அந்தத் துப்பாக்கிகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் தங்கரத்தினத்தின் தலையைக் குடைந்துகொண்டிருந்தது.

எப்போதும் முதலில் நுழைபவர் அவர்தான். அன்றைக்கு அய்யாவு அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆறடி மனிதன். பத்து வருஷமாக அவரோடு இருப்பவன்.

"உங்களுக்கு நேத்துத்தான் காய்ச்சல் விட்டுச்சு. பேசாம பின்னால வாங்க லா."

இரண்டு டிடெக்டிவ்கள் பின்கதவுக்குப் போனார்கள். அய்யாவு முன்கதவை ஒரே உதையில் பெயர்த்தான்.

"மாத்தா! போலீஸ்!" என்று எவனோ கத்தினான். தாயக்கட்டை உருண்டது. ஒருவன் பாராங் என்ற நீண்ட வெட்டுக்கத்தியை ஓங்கிக்கொண்டு வந்தான். அய்யாவு அவன் மணிக்கட்டைப் பிடித்து முறித்த சத்தம் வாசல்வரை கேட்டது. இரண்டாமவன் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனான். தங்கரத்தினம் அவன் தோளில் சுட்டார். மூன்றாமவன் பின்கதவில் டிடெக்டிவ்களிடம் மாட்டி மூக்குடைந்து விழுந்தான். நாலாமவன் மேசைக்கடியில் புகுந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டான். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது.

"நாலு," என்று சொல்லிக்கொண்டே அய்யாவு திரும்பிச் சிரித்தான்.

அப்போதுதான் படுக்கையறைத் திரை விலகியது. கட்டையாக அறுத்த வேட்டைத் துப்பாக்கியின் வாய் தெரிந்தது. இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தன. அய்யாவுவின் நெஞ்சு கிழிந்து, சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தின் கண்ணாடிவரை ரத்தம் தெறித்தது. அவன் தங்கரத்தினத்தின் மேலேயே சாய்ந்தான். அந்தப் பாரத்தில் இருவரும் விழுந்தார்கள். அவனுக்கடியிலிருந்து கையை உருவி அவர் சுடுவதற்குள் ஐந்தாமவன் ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே குதித்துவிட்டான். அவன் காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ இருந்தது. ஓடியவன்தான் வேலாயுதம்.

அய்யாவு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் யோகநாதன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். யோகநாதனும் தங்கரத்தினமும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். அப்பாமார் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணக்கெழுதும் ரயில்வே கிராணிகள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோயில், ஒரே வருஷம் போலீஸ் வேலை. இப்போது யோகநாதன் அவர்கள் ஸ்டேஷனில் வழக்குப் பொருள்கள் வைக்கும் அறைக்குப் பொறுப்பு. பச்சை மை பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பான். காலையில் தங்கரத்தினத்தோடு காப்பி குடித்துக்கொண்டே ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்தை நிரப்பாவிட்டால் அவனுக்கு அன்றைய பொழுது விடியாது. அன்று காலை ஏழு மணிக்கும் அப்படித்தான். "கென்யாவோட தலைநகரம், ஏழெழுத்து, சொல்லு மச்சான்," என்று கேட்டான். "நைரோபி" என்று இவர்தான் சொன்னார். கிள்ளானுக்குப் போவதையும் அந்தப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்.

"விடுடா மச்சான். உன் தப்பு இல்ல," என்றான் யோகநாதன்.

அய்யாவுவின் மனைவி மாரியாயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தங்கரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எண்ணுவீங்களாமே சார். அவரு சொல்லுவாரு. எங்க இன்ஸ்பெக்டரு எண்ணிட்டாருன்னா கண்ண மூடிக்கிட்டுப் போலாம்னு." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இன்னிக்கி எத்தன எண்ணுனீங்க?"

"நாலு."

"அஞ்சு பேரு இருந்தாங்களாமே?"

"ஆமா." அவள் விடவில்லை.

"அப்ப நீங்க தப்பா எண்ணித்தான் எம் புருஷன் செத்தாரா? அத மட்டும் சொல்லுங்க சார். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அந்தக் கேள்வி அன்றிரவு அவரைத் தூங்கவிடவில்லை. மனைவி குணேஸ்வரி போட்டுக் கொடுத்த பால் மேசையிலேயே ஆடை கட்டிக் கிடந்தது. அந்த வாசலில் ஐந்தாவது ஜோடி இருந்து தான் பார்க்காமல் விட்டாரா? காய்ச்சல் கண்ணை மறைத்துவிட்டதா? அப்படித்தான் என்றால் அவர் இனி எந்த முகத்தோடு இந்த உத்தியோகம் பார்ப்பது?

விடிந்ததும் கிள்ளானுக்குத் தனியாகப் போனார். ரத்தத்தில் ஈ மொய்த்தது. படுக்கையறைக் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார். ஒரு பத்திரிகைத் தாள் விரித்துக் கிடந்தது. அதன் மேல் ஈர ஷூவின் தடம் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில் ஒழுங்காகப் பதிந்திருந்தது.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எவனோ வேலாயுதத்திடம் ஷூவை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான். வாசலில் நாலு ஜோடி மட்டும் கிடக்கட்டும், அந்த ஆள் எண்ணுவான், நாலு பேரைப் பிடித்ததும் அசந்து நிற்பான், அதற்குள் ஷூவை மாட்டிக்கொண்டு சுட்டுவிட்டு ஓடு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். சாமி படம் மாட்டிய வீட்டுக்குள் வெறுந்தரையில் ஷூவை வைக்க மட்டும் அவர்களுக்கு மனசு வரவில்லை. கொலைக்குத் திட்டம் போடும்போதும் தாளை விரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

முதலில் நுழைபவர் தங்கரத்தினம் என்பது தெரிந்துதான் குறி வைத்திருக்கிறார்கள். அந்தக் குண்டு அவருக்கு வந்தது. அய்யாவு காலரைப் பிடித்து இழுத்து அதை வாங்கிக்கொண்டான்.

தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். செவ்வாய்க்கிழமைப் பத்திரிகை. ஷூத் தடத்துக்குக் கீழே குறுக்கெழுத்துக் கட்டம், பாதி நிரம்பியது, பச்சை மையில். மூன்றாவது வரிசையில் நைரோபி.

தங்கரத்தினம் அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். போன வாரம்தான் யோகநாதனிடம் சொல்லியிருந்தார்: "உன் ரூம்ல இருக்கிற பழைய வழக்குத் துப்பாக்கியெல்லாம் ஒருதரம் சரிபார்க்கணும் மச்சான், எனக்கு ஒரு சந்தேகம்." யோகநாதன் சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம் பார்க்கலாம் லா," என்றிருந்தான். அந்த அடுத்த வாரத்தில் தங்கரத்தினம் உயிரோடு இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அவருடைய மேலதிகாரி துவான் ரஷீத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு நம்பிக்கை வருது, தங்கா. ஆனா கோர்ட்டுக்கு இது போதாது. ஸ்டேஷன் குப்பைத்தொட்டியிலருந்து எவனோ எடுத்துட்டுப் போனான்னு சொல்லிடுவான். பிடிபட்ட நாலு பேருக்கும் அந்த ஆளைத் தெரியாதாம். வேலாயுதத்த உயிரோட கொண்டா. அவன் வாயத் திறந்து பேரைச் சொல்லணும்."

வேலாயுதம் உயிரோடு வேண்டும். அடுத்த மூன்று நாள் தங்கரத்தினத்துக்கு இந்த ஒரு நினைப்புதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உமரிடமிருந்து போன் வந்தது. உமர், பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்; தங்கரத்தினத்துக்குப் பழைய சிநேகிதர்.

"மாடி ரூம வாடகைக்கு எடுத்தவன் மூணு நாளா கீழ இறங்கல அண்ணே. கை கிழிஞ்சிருக்கு, ஜன்னல் கண்ணாடி குத்துன மாரி. சோறு கொண்டுபோன எம் பொண்டாட்டி மஜீதா சொல்றா, அவன் ஷூவோடயே படுத்திருக்கானாம்."

தங்கரத்தினம் யாரிடமும் சொல்லாமல் போனார். உமரின் அடுப்படி வழியாக ஏறும் மரப்படி. மேலே கதவுக்கு வெளியில் ஒரு செருப்பும் இல்லை. உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். இந்தத் தடவை எண்ணவில்லை. தோளால் கதவை மோதினார்.

வேலாயுதம் தூங்கவில்லை. கதவு திறந்த அதே நொடியில் பாராங் இறங்கியது. தங்கரத்தினம் இடது கையால் தடுத்தார். முன்கையில் சதை பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் ரிவால்வர் படியில் உருண்டு கீழே போய்விட்டது. தலையால் அவன் முகத்தை முட்டினார். பல் உடைந்தது. இருவரும் கட்டிப் புரண்டு படி முழுக்க உருண்டு அடுப்படியில் வந்து விழுந்தார்கள். மஜீதா அலறிக்கொண்டு ஓடினாள்.

வேலாயுதம் எழுந்து பாராங்கை மறுபடி ஓங்கினான். தங்கரத்தினம் கைக்கு எட்டிய மீன்குழம்புச் சட்டியைத் தூக்கி வீசினார். கொதிக்கும் குழம்பு அவன் கழுத்தில் வழிந்தது. அவன் போட்ட கூச்சல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். கண்மண் தெரியாமல் பின்கட்டுக்கு ஓடினான்.

"நில்லுடா! உன்னைச் சுட மாட்டேன், நில்லு! யாரு சொன்னான்னு மட்டும் சொல்லு!"

அவன் நிற்கவில்லை. பின்வேலித் தகரத்தில் ஏறினான். பாதி ஏறியதும் கை வழுக்கியது. வேலியின் மேல்நுனி இரும்புக் கம்பி அவன் தாடைக்கடியில் இறங்கியது. தங்கரத்தினம் ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டித் தூக்கிப் பிடித்தார். சூடான ரத்தம் அவர் தலையில் கொட்டியது.

"பேரைச் சொல்லு! யோகநாதன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாவுடா!"

வேலாயுதத்தின் கண் அவரைப் பார்த்தது. ஆனால் பேசுவதற்குத் தொண்டை மிச்சமில்லை. வெள்ளை ஷூ இரண்டு தடவை தகரத்தை உதைத்துவிட்டு ஓய்ந்தது.

தங்கரத்தினம் அந்தப் பின்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கை வலி ஒரு பக்கம். ஆனால் அவர் அழுதது அதற்கில்லை. மாரியாயிக்குச் சொல்ல வேண்டிய பதில் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. உமர் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து தன் கைலித் துணியைக் கிழித்து அவர் கையில் கட்டினார்.

"யாருக்கும் தெரியாது அண்ணே. நானும் மஜீதாவும்தான் பார்த்தோம்," என்றார் உமர்.

தங்கரத்தினம் அழுகையை நிறுத்தினார். பிணத்தின் காலைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்த வெள்ளை ஷூ இரண்டையும் கழற்றினார்.

மூன்று மணிக்கு, தையல் போட்ட கையோடு, தன் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

"மச்சான், வேலாயுதம் என் வீட்டுல கிடக்கான். காயம் பலமா இருக்கு. அவன்கிட்ட நம்ம ஸ்டேஷன்ல எவனோ பேசியிருக்கான்டா. அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வந்தா பேரைச் சொல்றேங்கிறான். குணேஸ்வரிய அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன். நான் ஒருத்தன்தான் இருக்கேன். உன்ன மட்டும்தான் நம்பிச் சொல்றேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அசையாத மச்சான். இதோ வரேன்."

வாசல்படியில் இரண்டு ஜோடி கிடந்தன: தங்கரத்தினத்தின் பழுப்புத் தோல் ஷூ, ரத்தம் காய்ந்த வெள்ளை கான்வாஸ் ஷூ. உள்ளே சாமி அறையில், தங்கரத்தினம் எல்லாவற்றையும் சொல்லி வரவழைத்த துவான் ரஷீத்தும் இரண்டு டிடெக்டிவ்களும் மூச்சை அடக்கி நின்றார்கள். அவர்களுடைய பூட்ஸ் மூன்று ஜோடியும் கதவுக்குப் பின்னால் ஒரு பத்திரிகைத் தாளின் மேல் இருந்தன.

நாலு மணிக்கு யோகநாதனின் கார் வந்தது. ஜன்னல் திரை இடுக்கில் தங்கரத்தினம் பார்த்துக்கொண்டிருந்தார். யோகநாதன் படியில் நின்று குனிந்தான். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு. பிறகு தன் கறுப்பு ஷூவைக் கழற்றி, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் ஒழுங்காக வைத்தான். சின்ன வயதிலிருந்தே தங்கரத்தினம் வீட்டுக்கு வந்துபோகிறவன் வேறெப்படி உள்ளே வருவான்? கடைசி நிமிஷத்தில் இவன் திரும்பிப் போய்விடமாட்டானா என்று தங்கரத்தினத்தின் நெஞ்சு ஏங்கியது உண்மை.

"எங்க அவன்?"

"ரூம்ல. தூங்குறான்."

யோகநாதன் அறைக்குள் போனான். இடுப்பிலிருந்து ரிவால்வரை எடுத்து, போர்வை மூடிய உருவத்தில் தலைக்கு இரண்டு, நெஞ்சுக்கு ஒன்று சுட்டான். இலவம்பஞ்சு பறந்தது. அவன் போர்வையை இழுத்தான். தலையணைகள்.

"நைரோபி, மச்சான்," என்றார் தங்கரத்தினம், அறை வாசலில் நின்று. "அந்தப் பேப்பரையா அவனுக்கு விரிச்சுக் கொடுத்தே?"

யோகநாதனின் முகம் சுருங்கியது. ரிவால்வர் மெல்ல இவர் பக்கம் திரும்பியது. அதிலும் பதிவு எண்களை அரம் போட்டு அழித்திருந்தார்கள்.

"முதல்ல ஒரே ஒரு துப்பாக்கிதான் கொடுத்தேன்டா. அப்புறம் என் கழுத்தப் பிடிச்சுட்டானுங்க. நீ கிளறாம இருந்திருக்கலாம்." அவன் குரல் உடைந்தது. "வாசல்ல ரெண்டு ஜோடிதான் இருக்கு. நீ தனியாத்தான் இருக்கே. மன்னிச்சிரு."

சுட்டான். குண்டு தங்கரத்தினத்தின் தொடையைத் துளைத்தது. அவர் விழுந்தார். சாமி அறைக் கதவு படாரென்று திறந்தது. ரஷீத் சுட்டதில் யோகநாதனின் தோள்பட்டை சிதறி ரிவால்வர் கையைவிட்டுப் போனது. அவன் ஒரு டிடெக்டிவின் முகத்தில் முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு வாசலுக்குப் பாய்ந்தான். கேட் திறந்திருந்தது. கார் பத்தடியில் நின்றது. ஓடியிருந்தால் தப்பியிருப்பான்.

ஆனால் படியில் அவன் கால் நின்றது. கறுப்பு ஷூவைத் தேடியது. ஒரு காலை நுழைத்துவிட்டு மற்றதற்குத் துழாவினான்.

அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. தங்கரத்தினம் தரையில் தவழ்ந்து வந்து அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். யோகநாதன் முகம் படியில் மோத விழுந்தான். அவர் அவன் மேல் ஏறி உட்கார்ந்தார். அவருடைய துப்பாக்கி இடுப்பிலேயே இருந்தது. அதை அவர் தொடவில்லை. கைக்கு வந்தது அந்தக் கறுப்பு ஷூ. அதனாலேயே அடித்தார். கன்னத்தில், வாயில், மூக்கில். ஷூவின் அடியில் அடித்திருந்த ஆணி சதையைக் கிழித்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சுட்டுக் கொன்றிருந்தால்கூட யோகநாதன் அப்படி அலறியிருக்கமாட்டான்.

"சுட்டுரு மச்சான்! செருப்பால அடிக்காத, சுட்டுரு!"

"நீ உயிரோட கோர்ட்டுல நின்னு சொல்லணும்டா! அந்தப் பொம்பள காதால கேக்கணும்!"

அடித்துக்கொண்டே இருந்தார். ரஷீத்தும் டிடெக்டிவ்களும் சேர்ந்து இழுத்துப் பிரிக்கவேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்து, ஊன்றுகோலோடு மாரியாயி வீட்டுக்குப் போனார். வாசலில் இரண்டு ஜோடி: அவளுடைய சிலிப்பர், பக்கத்தில் அய்யாவுவின் பெரிய பூட்ஸ். தனியாக இருக்கிற பெண் அப்படி வைப்பதுதான், உள்ளே ஆம்பிளை இருக்கிறான் என்று போகிற வருகிறவன் நினைத்துக்கொள்ள. அவர் தன் ஷூவைக் கழற்றி அந்த பூட்ஸைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே சொன்னார். வாசலில் இருந்தது நாலுதான் என்றார். ஐந்தாவதை உள்ளே ஒளித்து வைக்கச் சொன்னவன் யார், அந்தத் தாள், அந்தக் குறுக்கெழுத்து, தன்மீது வைத்த குறி, அய்யாவு காலரைப் பிடித்து இழுத்தது, எல்லாவற்றையும் சொன்னார். "நான் தப்பா எண்ணல, மாரியாயி," என்று முடித்தார். இதைச் சொல்லத்தான் இவ்வளவு ரத்தமும் என்று அவருக்குத் தோன்றியது.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் படத்தைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"செருப்பெல்லாம் சரியாத்தான் எண்ணியிருக்கீங்க சார். கூடவே உக்காந்து காப்பி குடிச்சவனத்தான் எண்ணாம விட்டுட்டீங்க."

அவர் தலையாட்டினார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து ஷூவைக் கையில் எடுத்தார். தையல் போட்ட கையால் கயிறு கட்ட வரவில்லை. அவள் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.